இரண்டுக்கும் பத்துக்கும் நடுவே

இரண்டுக்கும் பத்துக்கும் நடுவில் இருப்பது ஆறு. இரண்டிலிருந்து நான்கு ஏறினாலும் பத்திலிருந்து நான்கு இறங்கினாலும் அங்கேதான் வந்து சேர வேண்டும். இரு எண்களையும் கூட்டிப் பாதியாக்கினால் விடை கிடைத்துவிடும். இந்தக் கணக்கை யார் போட்டாலும் விடை மாறாது. எண்கள் குறிப்பது ரூபாயையா, நாட்களையா, படி அரிசியையா என்று கணக்கு கேட்பதில்லை. கணக்குப் போடுகிறவர் நல்லவரா கெட்டவரா என்றும் பார்ப்பதில்லை. அதன் பலமே அதுதான்.

நடுவழியில் செல்லுங்கள் என்று கிரேக்கத்திலும் இந்தியாவிலும் சீனத்திலும் யூத மரபிலும் பெரியோர் சொல்லி வந்திருக்கிறார்கள். அவர்கள் சொன்ன நடு இந்த ஆறைப் போன்றதா? இரு ஓரங்களையும் அளந்து பாதியில் ஒரு புள்ளி வைத்து அதில் நின்றுகொண்டால் அறம் கைகூடிவிடுமா? பேச்சுவழக்கில் பலரும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். இருவர் சண்டை போட்டால் உண்மை நடுவில் எங்கோ இருக்கும் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. மூல நூல்கள் அவ்வளவு எளிதாக விடுவதில்லை.

முதலில் எண்களுக்குள்ளேயே நடு ஒன்றல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பித்தாகரஸ் வழியினரான ஆர்க்கிட்டாஸ், இசைக்கு மூன்று சராசரிகள் உண்டு என்றார். இன்றைய பள்ளிப் பாடநூல்கள் அவற்றைக் கூட்டுச் சராசரி, பெருக்குச் சராசரி, இசைச் சராசரி என்கின்றன. இரண்டுக்கும் பத்துக்கும் கூட்டுச் சராசரி 6. பெருக்குச் சராசரி ஏறத்தாழ 4.47, இசைச் சராசரி 3.33. மூன்றும் இரண்டுக்கும் பத்துக்கும் இடையில்தான் இருக்கின்றன. மூன்றையும் நடு என்று சொல்ல நியாயம் உண்டு.

ஒரு தந்தியில் இது காதுக்கே கேட்கும். 12 அங்குலத் தந்தியை மீட்டினால் வரும் ஒலியை ஷட்ஜமம் என்று வைத்துக்கொண்டால், பாதி நீளமான 6 அங்குலத்தில் மேல் ஷட்ஜமம் ஒலிக்கும். இந்த 12க்கும் 6க்கும் கூட்டுச் சராசரியான 9இல் விரல் வைத்தால் சுத்த மத்யமம். இசைச் சராசரியான 8இல் வைத்தால் பஞ்சமம். பெருக்குச் சராசரி 8.49 அளவில் விழுகிறது. இன்றைய கீபோர்டின் பிரதி மத்யமம் அந்த இடத்துக்கு உரியது. ஒரே தந்தி, ஒரே இரண்டு ஓரங்கள், மூன்று நடுக்கள், மூன்று ஸ்வரங்கள். பிளேட்டோ தமது ‘டிமேயஸ்’ நூலில், உலகின் ஆன்மாவை அமைத்த தெய்வக் கைவினைஞன் எண்களின் இடைவெளிகளைக் கூட்டுச் சராசரியாலும் இசைச் சராசரியாலும் நிரப்பினான் என்று எழுதியதற்கு இந்தத் தந்திக் கணக்கே பின்புலம். ஆகவே நடுவைக் காண்பது என்றால், எந்த வகை நடு என்ற கேள்வி முதலிலேயே எழுந்துவிடுகிறது.

பிளேட்டோவின் மாணவர் அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) அறம் பற்றிய கேள்வியை எண்களை வைத்தே எடுத்தார். ‘நிக்கோமாக்கிய அறவியல்’ நூலின் இரண்டாம் பகுதியில் அவர் எடுத்துக்கொள்ளும் எண்கள் இந்த இரண்டும் பத்தும்தான். பத்து அதிகம், இரண்டு குறைவு என்றால் பொருளைப் பொறுத்த நடு ஆறு. அது எல்லாருக்கும் ஒன்றே. நம்மைப் பொறுத்த நடு அப்படிப்பட்டதல்ல என்று சொல்லி, உடனே சாப்பாட்டுக்கு வருகிறார். ஒருவருக்குப் பத்து மினா உணவு அதிகம், இரண்டு மினா குறைவு என்பதால் பயிற்சியாளர் ஆறு மினா கொடுக்கச் சொல்வாரா? மினா என்பது ஏறத்தாழ 430 கிராம். ஆறு மினா என்றால் இரண்டரைக் கிலோவுக்கு மேல். தென் இத்தாலியின் குரோட்டன் நகரத்து மல்லர் மைலோ கி.மு. 6ஆம் நூற்றாண்டில் ஒலிம்பிக்கில் ஆறு முறை வென்றவர். அவருடைய சாப்பாட்டைப் பற்றிப் பல கதைகள் உண்டு. அவருக்கு ஆறு மினா போதாது. உடற்பயிற்சிக் கூடத்துக்கு நேற்று வந்து சேர்ந்த பையனுக்கோ அது தாங்காது.

இதை ஆளுக்கொரு நியாயம் என்று வாசித்தால் அரிஸ்டாட்டிலைத் தவறாகப் படித்ததாகும். மைலோவுக்கு எவ்வளவு உணவு சரி என்பதை மைலோவின் நாக்கு தீர்மானிப்பதில்லை, பயிற்சியாளரின் அறிவு தீர்மானிக்கிறது. மைலோவுக்கும் அளவு மீறலாம். அவருக்கென்று ஒரு சரியான அளவு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க அவருடைய உடல், வயது, போட்டி நாள், முந்தைய வாரத்துப் பயிற்சி எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். கூட்டிப் பாதியாக்கும் கணக்கில் இவற்றுக்கு இடமில்லை. அரிஸ்டாட்டிலின் புகழ்பெற்ற வரையறை இதனால்தான் அப்படி அமைந்தது: நற்பண்பு என்பது தேர்ந்து செயல்படும் மனநிலை, அது நம்மைப் பொறுத்த நடுவில் நிற்கிறது, அந்த நடுவை விவேகம் உள்ளவர் எப்படித் தீர்மானிப்பாரோ அப்படி அறிவு தீர்மானிக்கிறது. கணக்கின் விதி இருந்த இடத்தில் ஒரு மனிதரின் விவேகம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அவர் காட்டும் உதாரணங்கள் பலவற்றில் நடு சரிபாதியில் இல்லை. துணிவு, கோழைத்தனத்துக்கும் முரட்டுத் துணிச்சலுக்கும் இடைப்பட்டது என்றாலும் அது கோழைத்தனத்திலிருந்து விலகி முரட்டுத் துணிச்சலுக்கே நெருங்கி நிற்கிறது. கொடைக்குணம் கஞ்சத்தனத்தைவிட ஊதாரித்தனத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கோபம் விஷயத்தில் அவர் கேட்பது இன்னும் கடினம்: சரியான ஆளிடம், சரியான அளவில், சரியான நேரத்தில், சரியான காரணத்துக்காக, சரியான முறையில். இவை எல்லாம் சேர்ந்து பொருந்தினால்தான் நடு. கோபத்தை எப்போதும் பாதியாகக் காட்டுகிறவர் அவர் பார்வையில் நிதானம் உள்ளவர் ஆகமாட்டார். பொங்க வேண்டிய இடத்தில் குறைந்தும் அடங்க வேண்டிய இடத்தில் மிகுந்தும் போய்விடுவார். வட்டத்தின் மையத்தைக் காண்பது எல்லாராலும் ஆகாது, தெரிந்தவரால்தான் ஆகும் என்று அவர் ஒப்பிடுவது இந்தக் கடினத்தைச் சொல்லத்தான்.

இன்னொன்றையும் அவர் தெளிவாக்கிவிடுகிறார். கொலை, திருட்டு, பிறன்மனை நயத்தல் போன்றவற்றுக்கு நடுவே கிடையாது. அளவாகத் திருடுவது என்று ஒன்று இல்லை. நடுவழி என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாவற்றிலும் பாதி தேடுகிறவர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஒரு கொடுமையைச் செய்கிறவனுக்கும் தடுக்கிறவனுக்கும் நடுவில் நிற்பது நற்பண்பு ஆகாது. அந்தக் கோட்டில் நடுப்புள்ளியும் கெட்ட இடம்தான்.

அரிஸ்டாட்டிலின் காலத்திலேயே, அவரை அறியாமல், நடு என்பது அளந்து குறிக்கும் புள்ளி அல்ல என்ற முடிவுக்குச் சீனத்தில் மென்சியஸ் வேறு வழியாக வந்தார். யாங் சூ என்பவர் உலகத்துக்கே நன்மை வரும் என்றாலும் தன் உடலில் ஒரு மயிரைக்கூடப் பிடுங்கித் தர மாட்டார். மோசி என்பவர் உலகத்துக்காகத் தலை முதல் கால்வரை தேய்ந்துபோகவும் தயார். மூன்றாமவர் ஸிமோ இருவருக்கும் நடுவைப் பிடித்துக்கொண்டார். மென்சியஸ் இவரை உண்மைக்கு நெருங்கியவர் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் சூழலை எடைபோடாமல் நடுவையே பிடித்துக்கொண்டிருப்பதும் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் என்றார். ஒன்றைப் பற்றிக்கொண்டு நூற்றைக் கைவிடுவது என்பது அவருடைய குற்றச்சாட்டு. நடுவையும் பிடிவாதமாக்க முடியும் என்பதை இவ்வளவு கூர்மையாகச் சொன்னவர்கள் குறைவு.

இரண்டு வகை நடுவின் வேறுபாட்டை நம் ஊர்த் தராசுகளில் பார்க்கலாம். இரு தட்டுத் தராசில் பிடி கோலின் சரிபாதியில் இருக்கும். எதை நிறுத்தாலும் அது நகராது. வெள்ளிக்கோலில் ஒரு பக்கம்தான் தட்டு, மறுபக்கம் கோலின் சொந்தக் கனம். தூக்கிப் பிடிக்கும் கயிற்றை எடைக்கு ஏற்ப நகர்த்தினால்தான் கோல் கிடையாக நிற்கும். அரிஸ்டாட்டிலும் மென்சியஸும் நற்பண்புக்குச் சொன்ன நடு வெள்ளிக்கோலின் நடு. கோல் சாயாமல் நிற்கும் இடம் ஒன்று உண்டு. தட்டில் வைத்தது என்ன என்று தெரியாமல் அதை முன்கூட்டியே குறித்துவைக்க முடியாது.

புத்தரின் மத்திம மார்க்கமும் சாரநாத்தில் ஆற்றிய முதல் உரையிலேயே இரு ஓரங்களோடு தொடங்குகிறது. புலனின்பத்தில் மூழ்குவது ஒன்று, உடலை வதைத்துக்கொள்வது மற்றொன்று. ஆனால் நடுவழி என்று அவர் அடுத்து எடுத்துச் சொல்வது கொஞ்சம் இன்பமும் கொஞ்சம் வதையும் கலந்த வாழ்க்கையை அல்ல. நற்காட்சி முதல் நல்ல தியானம்வரை எட்டு அங்கங்கள் கொண்ட பாதையைச் சொல்கிறார். அந்த எட்டில் ஒன்றையாவது இரு ஓரங்களைக் கூட்டிப் பாதியாக்கிப் பெற முடியாது. அது வேறு திசை.

பயிற்சியின் அளவு என்று வரும்போது சோணர் என்ற துறவியின் கதையைப் பழைய பௌத்த நூல்கள் சொல்கின்றன. செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். ராஜகிருகத்துக்கு அருகே சீதவனத்தில் இடைவிடாமல் நடந்து தியானம் செய்து பாதங்கள் வெடித்து ரத்தம் வந்தும் பலன் கிட்டவில்லை. வீடு திரும்பிவிடலாமா என்று நினைக்கிறார். புத்தர் வந்து அவர் முன்பு வீணை வாசித்தவர் என்பதை நினைவூட்டிக் கேட்கிறார்: தந்தி அதிகமாக முறுக்கேறியிருந்தால் வாசிக்க முடியுமா? தளர்ந்திருந்தால்? இரண்டும் இல்லாமல் சரியான சுருதியில் நின்றால்? இங்கேயும் புத்தர் சோணரிடம் முயற்சியைப் பாதியாகக் குறை என்று சொல்லவில்லை. முயற்சியைச் சமநிலைக்குக் கொண்டுவரச் சொல்கிறார். முறுக்காணியின் ஒரு கோடியையும் மறு கோடியையும் அளந்து நடுவில் நிறுத்தி யாரும் சுருதி சேர்ப்பதில்லை. காதால் கேட்டுத்தான் சேர்க்கிறார்கள். சோணருக்குத் தெரிந்த வித்தையைக் கொண்டே அவருக்குத் தெரியாததைக் காட்டிய விதத்தில் இது பௌத்த நூல்களின் அருமையான உரையாடல்களில் ஒன்று.

பௌத்தத்தில் நடு இன்னும் ஆழமான ஓர் இடத்திலும் வருகிறது. கச்சானர் என்பவருக்குச் சொன்ன சிறிய உபதேசத்தில், உலகம் ‘இருக்கிறது’, ‘இல்லை’ என்ற இரண்டில் ஒன்றைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்றும் தாம் இரு ஓரங்களையும் அணுகாமல் நடுவிலிருந்து போதிப்பதாகவும் புத்தர் சொல்கிறார். இருப்புக்கும் இன்மைக்கும் நடுவில் பாதி இருப்பு என்று ஒன்று இருக்க முடியுமா? அவர் அப்படி எதையும் சொல்லவில்லை. ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றும் பன்னிரண்டு சார்புகளையே சொல்கிறார். பேதைமையில் தொடங்கும் இந்தச் சார்புகளை மணிமேகலையின் கடைசிக் காதை தமிழில் விரித்துரைக்கிறது. பௌத்த மெய்யியலாளர் நாகார்ஜுனர் தமது மூலமத்தியமக காரிகையின் 15ஆம் இயலில் கச்சானருக்குச் சொன்ன அந்த உபதேசத்தைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்கிறார். சமாதிராஜ சூத்திரம் ஒரு படி மேலே போய், அறிவுள்ளவர் இரு ஓரங்களையும் விட்டபின் நடுவிலும் நிற்பதில்லை என்கிறது. எண்கோட்டில் இதற்கு இடமே கிடையாது. இங்கே விலக்கப்படுவது இரு ஓரங்களை இணைக்கும் கோடு.

யூத மரபில் மைமோனிடிஸ் (1138–1204) அரிஸ்டாட்டிலின் நடுவைச் சமயச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார். எல்லாப் பண்புகளிலும் நடுவழியே ஞானிகளின் வழி என்று எழுதியவர், இரண்டு பண்புகளை மட்டும் விலக்கி வைத்தார். ஆணவத்தில் நடு போதாது. மிகமிகத் தாழ்ந்தே இருக்க வேண்டும். கோபத்தையும் எதிர் ஓரம்வரை விலக வேண்டியவற்றில் சேர்த்தார். சரியான கோபத்துக்கு அரிஸ்டாட்டில் விட்டுவைத்த இடத்தை இவர் மூடிவிட்டார். கடவுளின் முன் நிற்கும் மனிதனுக்குப் பாதி ஆணவம் எதற்கு என்பது இதிலுள்ள சமய உணர்வு.

இதுவரை பார்த்ததில் ஆறு தோற்றுக்கொண்டே வந்தது. அது வெல்லும் இடம் நீதிமன்றம். அரிஸ்டாட்டிலே தமது நூலின் ஐந்தாம் பகுதியில், இரண்டாம் பகுதியில் ஒதுக்கிய அதே கூட்டுச் சராசரியைத் திரும்ப அழைக்கிறார். பதவியையோ செல்வத்தையோ பங்கிடும்போது தகுதிக்கேற்ற விகிதம் பார்க்கப்படும். ஒருவர் மற்றவருக்கு இழைத்த தீங்கைச் சரிசெய்யும்போது தகுதி பார்க்கக் கூடாது. நல்லவர் கெட்டவரை ஏமாற்றினாரா, கெட்டவர் நல்லவரையா என்பது பொருட்டல்ல. சட்டம் இழப்பை மட்டும் பார்க்கிறது, ஆட்களைச் சமமாக வைக்கிறது. சமமற்ற இரு துண்டுகளாகப் பிரிந்த கோட்டில், பெரிய துண்டு பாதியை மீறிய அளவை வெட்டிச் சிறியதோடு சேர்ப்பது போல நீதிபதி செய்கிறார் என்கிறார். எண்களில் வைத்தால், இருவரிடமும் ஆறு ஆறு இருந்தது. ஒருவர் நான்கைப் பறித்ததால் பத்தும் இரண்டும் ஆயிற்று. நீதி ஆறில் இருக்கிறது.

மைலோவின் சாப்பாட்டில் குறையாக இருந்த அதே குணம், ஆளைப் பார்க்காத குணம், இங்கே நிறைவாகிவிடுகிறது. திருக்குறளின் 12ஆம் அதிகாரமான நடுவுநிலைமை பேசுவதும் இந்த நடுவைத்தான். பகைவர், நண்பர், இரண்டும் அல்லாதவர் என்ற மூவரிடத்தும் அறத்தில் வழுவாமல் ஒத்து நிற்பது என்று பரிமேலழகர் அதை விளக்குகிறார். 118ஆம் குறள் துலாக்கோலை உவமையாக்குகிறது; 120ஆம் குறள் வாணிகருக்குச் சொல்கிறது. வள்ளுவர் இங்கே சொன்னது நகராத பிடி கொண்ட தராசு. தனக்கு எவ்வளவு வேண்டும் என்ற கேள்விக்கு அந்தத் தராசு உதவாது. இருவருக்கிடையில் யாருக்கு எவ்வளவு என்ற கேள்விக்கு அதைத் தவிர வேறு எதையும் நம்பக் கூடாது.

ஆனால் நீதியிலும் நடுப்புள்ளிக்கு ஒரு பலவீனம் உண்டு. அது இரு ஓரங்களையும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறது. முன்பு இருவரிடமும் எட்டும் நான்கும் இருந்து, ஒருவர் இரண்டைப் பறித்திருந்தாலும் இன்று பத்தும் இரண்டும்தான் தெரியும். அப்போது ஆறு என்று தீர்ப்பளித்தால் அதுவே இன்னொரு பறிப்பு. பேரத்தில் இது அன்றாடம் நடக்கிறது. இரண்டுக்கும் பத்துக்கும் நடு ஆறு. பத்து கேட்க வேண்டியவர் முப்பது கேட்டால் நடு பதினாறு ஆகிவிடும். ஓரத்தை இழுக்கத் தெரிந்தவருக்கு நடுவும் பின்னால் வந்துவிடுகிறது.

யூதச் சட்ட நூலான மிஷ்னாவில் பாவா மெட்சியா என்ற பகுதி இந்தச் சிக்கலோடுதான் தொடங்குகிறது. இருவர் ஒரு மேலாடையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். இருவருமே முழுதும் தனது என்றால் பாதிப் பாதி. ஒருவர் முழுதும் தனது என்றும் மற்றவர் பாதி தனது என்றும் சொன்னால், முதலாமவருக்கு முக்கால், இரண்டாமவருக்குக் கால். கோரிக்கைகளின் விகிதப்படி பிரித்திருந்தால் மூன்றில் இரண்டும் மூன்றில் ஒன்றும் வந்திருக்கும். மிஷ்னா அப்படிச் செய்யவில்லை. இரண்டாமவரே ஒரு பாதியை விட்டுக்கொடுத்துவிட்டார்; வழக்கு மீதிப் பாதியில்தான்; அதை மட்டும் சமமாகப் பிரிக்கிறது. முதலாமவர் கேட்பது ஒன்று, எதிராளி அவருக்கு ஒப்புக்கொள்வது அரை. இவ்விரண்டின் சரியான நடுப்புள்ளி முக்கால். மிஷ்னாவை விரித்துரைக்கும் தால்முதில் வேறோர் இடத்தில் வரும் மூன்று மனைவியரின் சொத்துப் பங்கீடு பல நூற்றாண்டுகள் விளங்காமல் இருந்தது. 1985இல் ராபர்ட் ஆமனும் மைக்கேல் மாஷ்லரும் அதற்கும் இந்த மேலாடைக் கணக்கே அடிப்படை என்று கணித முறையில் காட்டினார்கள்.

இந்தப் பங்கீட்டுக்கு மிஷ்னா ஒரு நிபந்தனை வைக்கிறது. மேலாடையைப் பிரிக்கும் முன் இருவரும் சத்தியம் செய்ய வேண்டும்: பாதி பெறுகிறவர் அதில் தனக்குப் பாதிக்குக் குறையாத உரிமை உண்டென்றும், முக்கால் பெறுகிறவர் முக்காலுக்குக் குறையாத உரிமை உண்டென்றும், கால் பெறுகிறவர் காலுக்குக் குறையாத உரிமை உண்டென்றும். கையில் பிடித்திருக்கும் பொருளுக்குச் சத்தியம் எதற்கு என்ற கேள்விக்கு ரபி யோகனான் தந்த விளக்கத்தைத் தால்முத் பதிவு செய்திருக்கிறது. சத்தியம் இல்லாவிட்டால் எவனும் கடைத்தெருவில் போய் அடுத்தவனின் மேலாடையைப் பற்றிக்கொண்டு இது என்னுடையது என்பான். பாதி அவனுக்குக் கிடைத்துவிடும்.